மலை தெரியும் கண்ணாடி அறை

கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் அண்ணாமலை ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. இந்த ஊரில் கண்ணாடி அறை எடுப்பவருடைய தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தில் அடக்கம். மாடியில் ஓர் அறை, மூன்று பக்கமும் கண்ணாடி, காலையில் காபியோடு மலையைப் பார்க்க வேண்டும், கார்த்திகையில் வீட்டிலிருந்தே தீபம் பார்க்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் மலை இருக்கும் திசையும் பிற்பகல் வெயில் அடிக்கும் திசையும் ஒன்றாகப் போய்விட்டது. அறை எடுத்த முதல் சித்திரையில், மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே யாரும் உட்காருவதில்லை. அடுத்த வருடம் அது துணி காயப்போடும் இடமாகிறது. அதற்கடுத்த வருடம் பழைய சாமான் அறை.

சிட்-அவுட்டுக்கு அலுமினியச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டாலும் சரி, மொட்டை மாடியில் புதிதாக அறை எழுப்பினாலும் சரி, கணக்கு ஒன்றுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். அதையும் மீறி உள்ளே வந்த சூட்டை உச்சி வழியாக வெளியேற்ற வேண்டும். இவை இரண்டையும் செய்துவிட்டால் மின்விசிறி போதும். செய்யாவிட்டால் ஏசியும் போதாது.

கண்ணாடி என்ன செய்கிறது

சாதாரண வெள்ளைக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில் தரையிலும் சோபாவிலும் சுவரிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகிறது. சூடான அந்தப் பொருள்கள் திருப்பி வீசும் வெப்பம் வேறு வகை. அதைக் கண்ணாடி வெளியே விடாது. வருவதற்கு வழி உண்டு, போவதற்கு இல்லை. ஐந்தடிக்கு ஐந்தடி மேற்குக் கண்ணாடி ஒன்றின் மேல் சித்திரை மாத மாலை வெயில் நேராக அடித்தால், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் நிறுத்தாமல் ஓடவிட்டது மாதிரி. மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டால் எத்தனை பெட்டி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் திரை போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். கண் கூசாமல் இருக்க அது உதவும். சூட்டுக்கு அவ்வளவாக உதவாது. திரையில் படும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தாயிற்று. சூடாவது திரை, அது நிற்பது உங்கள் அறைக்குள். அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே கட்டினால் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். திரைச்சீலைக்கு ஒதுக்கிய பணத்தை வெளித்தட்டிக்கு மாற்றுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் மிக மலிவான யோசனை.

லண்டன் வீடியோ இங்கே உதவாது

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் உறவுக்காரர் வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையைப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். கூரைகூடக் கண்ணாடி. அங்கே அது நியாயம். லண்டனில் டிசம்பர் மாத உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். கிடைக்கிற வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அவர்கள் கண்ணாடி போடுகிறார்கள். நமக்கு மார்கழி உச்சியிலேயே சூரியன் 54 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. லண்டனில் உச்சி வெயில் வருடம் முழுக்கத் தெற்கிலிருந்துதான் வரும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டே கால் டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒரு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 20 வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். அதாவது சித்திரை முதல் ஆடி வரை. 'வடக்குக் கண்ணாடி எப்போதும் நிழல்தான்' என்று யாராவது சொன்னால், அவர் வெளிநாட்டுப் புத்தகம் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனியில் சூரியன் வடமேற்கில் மறைவதால் வடக்குப் பக்கத்துக்கும் மாலை வெயில் உண்டு.

ஆனாலும் வடக்கு, தெற்கு இரண்டையும் சமாளிக்கலாம். அங்கே வெயில் உயரத்திலிருந்து இறங்குகிறது. தெற்குக் கண்ணாடிக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால், மார்கழி உச்சியிலும் கிட்டத்தட்ட 2.8 அடிக்கு நிழல் விழும். வடக்கில் ஆனி மாத உச்சிக்கு அதே இரண்டடி, பத்தடி உயரக் கண்ணாடியையே மூடிவிடும்.

மேற்கில் இந்தக் கணக்கு எடுபடாது. மே மாதம் மாலை நான்கு மணிக்கு இரண்டடி சன்ஷேடு தரும் நிழல் ஒன்றரை அடிக்கும் குறைவு. ஐந்து மணிக்கு முக்கால் அடி. கண்ணாடி ஏழடி உயரம் என்றால் மிச்சம் ஆறடிக்கு மேல் நேர் வெயில். சன்ஷேடு இருக்கிறதே என்று மேஸ்திரி சமாதானம் சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

மலைக்கு எவ்வளவு கண்ணாடி வேண்டும்?

இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி. அதன் அடிவாரமும் நம் ஊரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஆகவே நமக்குத் தெரிகிற உயரம் சுமார் 2,100 அடி. தூரமோ பதினேழு கிலோமீட்டர் அளவில். இதை வைத்துப் பார்த்தால் அடிவானத்திலிருந்து மலை எழும்புவது இரண்டு டிகிரிக்குச் சற்று மேல். கண்ணாடியிலிருந்து ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கண்ணாடியில் மலை பிடிக்கும் இடம் மூன்று அங்குல உயரத்துக்கும் குறைவு.

மூன்று அங்குல மலைக்காக ஏழடி கண்ணாடி. அதில் வரும் சூட்டுக்காக ஒன்றரை டன் ஏசி. அந்த ஏசியின் கரண்ட் பில்லுக்காக, அறையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது.

இதற்கு மாற்று, மேற்குச் சுவரைச் சுவராகவே எழுப்பி, உட்காரும்போது கண் இருக்கும் மட்டத்தில் இரண்டடி உயரத்துக்குப் படுக்கைவாட்டில் ஒரு நீளப் பட்டையாகக் கண்ணாடி விடுவது. தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஐந்தடியில் முடியலாம். அதற்குள் உட்கார்ந்தவருக்கும் மலை தெரியும், நிற்பவருக்கும் ஓரளவு தெரியும். இந்தப் பட்டையின் தலைக்கு மேலேயே இரண்டரை அடி சன்ஷேடு போட்டால், மே மாதம் நான்கு மணி வரை ஏறக்குறைய முழுக் கண்ணாடியும் நிழலில் இருக்கும். அதற்குப் பிறகுள்ள இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மூங்கில் தட்டியைக் கீழே இறக்கினால் போதும். சுவரைக் கொஞ்சம் கனமாகவே எழுப்புங்கள். வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள்.

பட்டை ஜன்னல் எலிவேஷனுக்கு நன்றாக இருக்காது என்று அலுமினிய வேலைக்காரர் முகம் சுளிப்பார். அவர் சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி நிறைய வேண்டுமென்றால் கிழக்கிலும் வடக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வெயில் பத்து மணிக்குள் உயர ஏறிவிடும். இரவில் ஆறிய அறைக்கு அது பெரிய சுமை அல்ல.

ஏற்கெனவே முழுக் கண்ணாடி போட்டுவிட்டவர்களுக்கு

உடைக்க வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே, முக்கால் அடியோ ஓர் அடியோ இடைவெளி விட்டு இரண்டாவது தோல் ஒன்று கொடுங்கள். மூங்கில் தட்டியைச் சுருட்டி ஏற்றவும் இறக்கவும் கயிறு வைத்துத் தருவார்கள். நர்சரிக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை வலை இன்னும் மலிவு. 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று நிழல் அளவு சொல்லி விற்பார்கள். மேற்குக்கு 75 போதுமானது. 90 போட்டால் காற்றும் அடைபடும். வலையைக் கண்ணாடியோடு ஒட்டிக் கட்டாதீர்கள். இடையில் காற்று மேலே போக வழி இருந்தால்தான் பயன்.

கொடி ஏற்றலாம். பீர்க்கனோ புடலையோ தை மாதம் விதை ஊன்றிக் கம்பிப் பந்தலில் ஏற்றினால் பங்குனிக்கு இலை அடர்ந்துவிடும். வெயில் மாதங்களில் நிழலும் காயும் கிடைக்கும். மழை மாதத்துக்குள் கொடி காய்ந்து வெளிச்சமும் விடும். மரம் நடுவதற்கு இடம் இருந்தால் மேற்கே வேம்போ புங்கனோ வையுங்கள். இரண்டும் கோடைக்கு முன் இலை உதிர்த்து, வெயில் கடுமையாகும் நேரத்தில் புதுத்தழையோடு நிற்பவை. ஆனால் கிளை கண்ணாடி மேல் விழாத தூரத்தில் நட வேண்டும்.

கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கண்ணாடியில் அடர்நிற ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடியே வெயிலைக் குடித்துச் சூடாகும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கும் கண்ணாடி அந்தச் சூட்டு வித்தியாசத்தில் தானாக விரிசல் விடலாம். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் டஃப்பன்ட் கண்ணாடியில் மட்டும்.

கூரை

கண்ணாடிக் கூரை வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை. நம் அட்சரேகையில் கோடை வெயிலை அதிகம் வாங்குவது சுவர் அல்ல, கூரை. பாலிகார்பனேட் ஷீட்டும் கண்ணாடியின் தம்பிதான். அதோடு மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. ஒரு மூலையில் வெளிச்சத்துக்காகச் சிறிதாகப் போடுவதென்றால், புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு உள்ள பக்கம் மேலே வருகிறதா என்று நின்று பாருங்கள். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகி வெடிக்கும்.

மொட்டை மாடி அறைக்கு எடை குறைந்த நல்ல கூரை 50 மில்லிமீட்டர் பஃப் பேனல். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரைப் பொருள் இருப்பதால் சூடு இறங்காது. மங்களூர் ஓடு அழகு. அடியில் ஒரு சீலிங் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட விட்டால் அதுவும் போதும். வெறும் தகர ஷீட் போட்டு அடியில் கண்ணாடி அடைப்பவருக்கு இந்த நூலில் ஆலோசனை எதுவும் இல்லை.

எந்தக் கூரையானாலும் உயரமான பக்கத்தில் சுவரின் உச்சியில் நீளமாக ஒரு திறப்பு வேண்டும். ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் நீளத்துக்குத் திறப்பு, பக்கங்களில் சுருட்டித் தூக்கும் திரை. சூடான காற்று மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். செடிக்கே அவ்வளவு செய்கிறார்கள். வீட்டில் கண்ணாடி லூவர், கொசுவலை, மேலே ஒரு சாரல் மறைப்பு, இவை போதும். வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கட்டும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய பரப்பு வேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இருபது சதுர அடி. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். கதவு மாதிரி வெளியே திறக்கும் ஜன்னல் முழுதும் திறக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் பாதிக் கண்ணாடியில் முழுக் காற்று.

கடையில் கேட்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து செயின்ட் கோபைன் ஆலை கண்ணாடி தயாரிக்கிறது. வெயில் தடுக்கும் கண்ணாடி நமக்குக் கிடைக்காத சரக்கு அல்ல. கடையில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு என்று கேளுங்கள். விழும் சூட்டில் எவ்வளவு உள்ளே வரும் என்பதற்கான எண் அது. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும். வெயில் தடுக்கும் பூச்சு உள்ளவற்றில் 0.3-க்குப் பக்கத்தில் கிடைக்கும். டபுள் கிளேசிங் என்ற பெயரில் இரண்டு வெள்ளைக் கண்ணாடியை வைத்துக் கொடுத்தால், அது நேர் வெயிலுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. குளிர் நாட்டுக்கும், நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கும் ஏற்ற செலவு அது.

மேற்குப் பட்டைக்கு மட்டும் அடர்ந்த ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி வேண்டாம். பதினேழு கிலோமீட்டர் தள்ளி எரியும் தீபத்தை அது மங்கலாக்கிவிடும். உள்ளே விளக்கு எரிந்தால் உங்கள் முகம்தான் தெரியும். மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள். அதற்காகவாவது பட்டையில் ஒரு பகுதி திறக்கும்படி இருக்கட்டும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. கால் முட்டும் உயரத்துக்கு வரும் எந்தக் கண்ணாடியும் டஃப்பன்டாக இருக்க வேண்டும். உடைந்தால் கத்தி மாதிரிச் சிதறாமல் சிறு துண்டுகளாக உதிரும். தலைக்கு மேல் வருவதும் மாடியின் விளிம்பில் வருவதும் லேமினேட்டட். உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாதங்கள்

பங்குனியிலிருந்து வைகாசி வரை வழக்கம் தலைகீழ். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்தித் தட்டியை இறக்குங்கள். உச்சித் திறப்பு மட்டும் திறந்திருக்கட்டும். வெளியே 40 டிகிரி இருக்கும்போது ஜன்னலைத் திறந்து 'காற்று வரட்டும்' என்றால் வருவது அனல். சூரியன் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு இரவு முழுக்க ஆற விடுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் வெட்டிவேர்த் தட்டி நன்றாக வேலை செய்யும், காற்று காய்ந்திருப்பதால். ஏர்கூலரும் அப்படியே. ஆனால் கூலர் ஓடும்போது எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடைத்த கண்ணாடி அறையில் கூலர் போட்டால் ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. கண்ணாடி மேல் போர் தண்ணீரைத் தெளித்துக் குளிர வைக்க முயலாதீர்கள். உப்புக் கறை பிடித்தால் பிறகு எலுமிச்சையும் வினிகரும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாதங்களின் மதிய நேரத்துக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. தூசியும் காக்காயும் இல்லாமல் வடாமும் வற்றலும் காய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனி, ஆடியில் காற்று. பச்சை வலையைக் கழற்றி விடலாம், அல்லது நான்கு மூலையும் இறுக்கிக் கட்டலாம். மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்றோடு வரும். மேற்குப் பட்டையின் கீழ்த்தளம் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் புழுக்கம். வெட்டிவேர்த் தட்டி அப்போது உதவாது. எதிரெதிர் ஜன்னல்களும் மின்விசிறியும்தான். ஏசி வைத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே கதவு போடுங்கள். கதவில்லாத கண்ணாடி அறை வீட்டு ஏசியின் குளிரையெல்லாம் விழுங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவே மண்ணோடு இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட மழையில் கண்ணாடி அறை ஒழுகும் இடங்கள் மூன்று. முதலாவது, ஸ்லைடிங் டிராக்கின் அடியில் தண்ணீர் வடிய விட வேண்டிய துளைகள். போடவே மறந்திருப்பார்கள், அல்லது மண்ணும் எறும்புப் புற்றும் அடைத்திருக்கும். புரட்டாசியில் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். இரண்டாவது, சிலிக்கான். தூசி தட்டாத பூச்சுச் சுவரில் அடித்த சிலிக்கான் இரண்டு வெயிலில் உரிந்து வரும். மூன்றாவதுதான் பெரியது. பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் கோடு. புதுக் கட்டுமானம் கொஞ்சம் அமரும், விரிசல் வரும். அங்கே சிலிக்கானை நம்பாமல், பழைய சுவரில் காடி வெட்டி அலுமினியத் தகட்டைச் செருகி மடித்து விடச் சொல்லுங்கள்.

மார்கழி, தையில் ஒன்றும் செய்ய வேண்டாம். தட்டியைச் சுருட்டி வையுங்கள். சூரியன் தென்கிழக்கில் எழும்பி அறைக்குள் வரும், இதற்காகத்தான் அறை. இரவில் அடைத்துவிட்டுப் படுத்தால் விடியற்காலை கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து நிற்கும். உச்சித் திறப்பு திறந்திருந்தால் வராது. வந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிளைவுட் பூசணம் பிடிக்கும்.

கட்டுவதற்கு முன்

மனையைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடத்தை அடைத்துக் கண்ணாடி போடுவது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி மீறல். கண்ணாடிதானே, சுவர் இல்லையே என்ற வாதம் எடுபடாது. பேரூராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். மாடியில் எடுப்பதானால் கீழ்த்தளம் எடை தாங்குமா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

ஒரு சித்திரை மாலை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, அறை வரப்போகும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் எங்கே அடிக்கிறது, மலை எந்த உயரத்தில் தெரிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அதன் பிறகு அலுமினிய வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணையை மட்டும் ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து முடியும் வரை கையில் வைத்திருங்கள்.